ஒரு சின்னப் பள்ளியின் ஓடுதளத்தில் 11 வருடங்கள்

எங்கள் பள்ளியில் மொத்தம் 230 பிள்ளைகள். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் தனியார் பள்ளி. நான் அங்கே சேர்ந்தது கணக்கு ஆசிரியையாக. இரண்டாவது வருடம் உடற்கல்வி ஆசிரியர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். "புது ஆள் வர்ற வரைக்கும் கிரவுண்டை நீங்க பார்த்துக்குங்க மிஸ்" என்றார் தலைமையாசிரியர். புது ஆள் வரவில்லை. விடுமுறைகளில் போய்த் தடகளப் பயிற்சிக்கான சான்றிதழ் படிப்பை முடித்தேன். காலையில் கிரவுண்ட், அப்புறம் கணக்கு வகுப்பு, சாயங்காலம் மறுபடியும் கிரவுண்ட். இப்படியே 11 வருடம் ஆகிவிட்டது.

என்னைப் போலவே சின்னப் பள்ளியில் தடகளத்தைக் கையில் எடுத்திருக்கும் யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பள்ளியின் வரவேற்பறையில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. அதில் 14 கோப்பைகள். பிள்ளைகளைச் சேர்க்க வருகிறவர்களிடம் அதைக் காட்டி, "எங்க ஸ்கூலுக்கு விளையாட்டுல பெரிய பாரம்பரியம் இருக்கு" என்று சொல்வது வழக்கம். நானும் சொல்லியிருக்கிறேன். ஒருநாள் தூசி துடைக்க எல்லாவற்றையும் வெளியே எடுத்தபோது அடிப்பீடத்தில் பொறித்திருந்த பெயர்களைப் படித்தேன். 14இல் 11 கோப்பைகள் ஒரே பையன் வாங்கியவை, அதுவும் மூன்றே வருடங்களில். அவன் பள்ளியை முடித்துப் போன பிறகு அலமாரிக்கு எதுவும் வரவில்லை. நாங்கள் பாரம்பரியம் என்று சொல்லிக்கொண்டிருந்தது ஒரு பையனின் இரண்டு கால்களை.

அன்றைக்குத்தான் எனக்கு இந்த விஷயம் பிடிபட்டது. மூவாயிரம் பேர் படிக்கும் பள்ளி ஆள் தேர்வு செய்யலாம், அடுத்த வருடம் அந்த இடத்துக்கு வர இன்னும் பத்துப் பேர் காத்திருப்பார்கள். எங்களுக்கு ஒரு வகுப்பில் 46 பேர். அதில் நான்கு பேரைத் தேர்வு செய்தால் மீதி 42 பேர் கைதட்டத்தான் வருவார்கள். அந்த நான்கு பேர் போனதும் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே தேர்வே வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு போட்டி. மெதுவாக ஓடுகிறவர்களுக்கும், உடல் பருத்தவர்களுக்கும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் மருத்துவர் சரி என்றால் ஏதாவது ஒன்று. மற்றதெல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்து வந்ததுதான்.

ஆனால் முதல் வருடமே நான் ஒரு பெரிய தவறு செய்தேன்.

எங்கள் மைதானத்தில் 200 மீட்டர் டிராக்தான் போட முடியும். நேர்ப்பகுதி ஒவ்வொன்றும் 40 மீட்டர், வளைவு ஒவ்வொன்றும் 60 மீட்டர். நூறு மீட்டர் ஓட்டம் என்றால் ஒரு முழு வளைவும் ஒரு நேர்ப்பகுதியும். அதுவரை எப்படிச் செய்தார்களோ அப்படியே, நான்கு லேனுக்கும் குறுக்காக ஒரே கோடு போட்டு அங்கிருந்து ஓடவிட்டேன். ஏழாம் வகுப்புப் பெண்கள் ஓட்டத்தில் நான்காவது லேனில் நின்ற பிள்ளை, மூன்றாவதாக வந்தவளுக்கு இரண்டடி பின்னால் கடைசியாக வந்தாள். எதுவும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

அன்று இரவு எட்டாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். வட்டத்தின் சுற்றளவு பற்றிய கேள்வி. பேனா அப்படியே நின்றுவிட்டது. லேனின் அகலம் 1.22 மீட்டர். ஒரு லேன் வெளியே தள்ளினால் ஆரம் அவ்வளவு கூடும், முழுச் சுற்றுக்கு 2 பை மடங்கு 1.22, அதாவது 7.67 மீட்டர் அதிகம் ஓட வேண்டும். அரைச் சுற்றுக்கு 3.83. நான்காவது லேன் மூன்று லேன் தள்ளி இருக்கிறது. அந்தப் பிள்ளை முதல் லேனில் ஓடியவளைப் போல நூறு மீட்டர் ஓடவில்லை, 111 மீட்டருக்கு மேல் ஓடியிருக்கிறாள். முதலாவதாக வந்தவளுக்கும் அவளுக்கும் நடுவே இருந்த இடைவெளி ஐந்து மீட்டர்கூட இல்லை.

மறுநாள் காலை இறைவணக்கக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னேன். தவறு என்னுடையது, அந்த ஓட்டத்தை மறுபடி நடத்துகிறேன் என்றேன். மற்ற மூன்று பேரும் வந்தார்கள். அவள் வரவில்லை. "பரவாயில்ல மிஸ்" என்று மட்டும் சொன்னாள். அவளை மறுபடி டிராக்கில் இறக்க எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. கோடு தப்பாகப் போனால் அழித்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம். அந்தப் பிள்ளையின் மனசை அப்படிச் சரிசெய்ய முடியவில்லை. இப்போதும் விளையாட்டு விழாவுக்கு முந்தைய நாள் எனக்கு அவள் முகம்தான் ஞாபகம் வரும்.

அதனால் டிராக் போடுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் சின்னப் பள்ளிகளில் இங்கேதான் அதிகம் சறுக்குகிறது. நான்கு லேனோடு 200 மீட்டர் டிராக்குக்குச் சுமார் 90 மீட்டர் நீளமும் 50 மீட்டர் அகலமும் உள்ள இடம் போதும். உள் விளிம்பில் மேடு கட்டாமல் வெறும் கோடு மட்டும் போடுகிறீர்கள் என்றால், ஓட்டத் தூரத்தைக் கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் வெளியே தள்ளி அளக்க வேண்டும். ஓட்டப் பாதையின் ஆரம் 19.10 மீட்டர், கயிற்றால் நீங்கள் வட்டம் இழுக்க வேண்டிய ஆரம் 18.90. வளைவுகளின் மையத்தில் கயிறு கட்ட அடிக்கும் இரண்டு முளைகளுக்கும் நடுவே 40 மீட்டர். வெளி லேன்களுக்கு முழுச் சுற்று ஓட்டத்தில் லேனுக்கு 7.67 மீட்டரும், அரைச் சுற்றில் 3.83 மீட்டரும் முன்னால் தள்ளித் தொடக்கக் கோடு போட வேண்டும். இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. இந்த 7.67 டிராக்கின் அளவைப் பொறுத்தது இல்லை. மேடு கட்டாத டிராக் என்றால், 400 மீட்டர் டிராக்கிலும் ஒரு சுற்றுக்கு லேனுக்கு அதே 7.67தான். பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் முதலில் நம்ப மாட்டார்கள். அவர்களையே கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்வேன்.

கோடு போடச் சுண்ணாம்புத் தூளைத் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். கண்ணில் பட்டால் புண்ணாக்கும், விழுந்த காயத்தில் பட்டால் எரிக்கும். சாக் தூள் போதும், மழை வந்தால் கரையும், மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

அடுத்து பதிவுப் பலகை. பள்ளியின் சாதனை நேரங்களை எழுதிய பழைய மரப்பலகை ஒன்று படிக்கட்டுப் பக்கம் தொங்கியது. அதில் இருந்த நூறு மீட்டர் நேரங்களை எங்கள் பிள்ளைகளால் நெருங்கவே முடியவில்லை. ஏன் என்று விசாரித்தபோது ஒன்று தெரிந்தது. முன்பெல்லாம் விசில் சத்தம் கேட்டதும் முடிவுக் கோட்டில் நிற்கிறவர் ஸ்டாப்வாட்சை அழுத்துவாராம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். வளைந்து ஓடும் எங்கள் டிராக்கில் நூறு மீட்டரின் தொடக்கக் கோட்டுக்கும் முடிவுக் கோட்டுக்கும் நடுவே நேராக அளந்தால் சுமார் 55 மீட்டர், சத்தம் வந்து சேரவே கிட்டத்தட்ட 0.16 நொடி ஆகிவிடும். அவ்வளவு நேரம் ஓடுகிறவருக்கு இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. துப்பாக்கி வைத்துத் தொடங்கும் போட்டிகளில் சத்தத்தைக் கேட்டு அழுத்தாமல் புகையையோ ஒளியையோ பார்த்து அழுத்தச் சொல்வது இதனால்தான். துப்பாக்கி இல்லாத நாங்கள் ஒரு சிவப்புத் துணியைக் கம்பில் கட்டி, விசில் ஊதும் அதே கணத்தில் கீழே இறக்குகிறோம். நேரம் எடுப்பவர் துணியை மட்டும் பார்ப்பார். கையால் எடுத்த நேரத்தை எப்போதும் அடுத்த பத்தில் ஒரு பங்குக்கு மேலே ஏற்றித்தான் எழுத வேண்டும். 13.41 வந்தால் 13.5.

பழைய நேரங்களை என்ன செய்வது என்று ஆசிரியர்களுக்குள் பெரிய வாக்குவாதம். அழித்துவிடலாம் என்றார்கள் சிலர். அந்தப் பிள்ளைகள் நிஜமாகவே ஓடியவர்கள், அவர்கள் பெயரை அழிக்க நமக்கு உரிமை இல்லை என்றேன். கடைசியில் பழைய நேரங்களுக்குப் பக்கத்தில் 'விசில்' என்று சின்னதாக எழுதி, கீழே புதிதாக ஒரு பட்டியல் தொடங்கினோம். பலகையோடு ஒரு நோட்டும் ஆரம்பித்தோம். பலகையில் பள்ளியிலேயே சிறந்தவர் பெயர் மட்டும் வரும். நோட்டில் 230 பேருக்கும் ஆளுக்கு ஒரு பக்கம், அவரவரின் சொந்த நேரமும் தூரமும் மட்டும். எந்தப் பிள்ளையும் என்னிடம் வந்து, "மிஸ், என் பக்கத்தைக் காட்டுங்க" என்று கேட்கலாம். பலகையைப் பார்க்கிறவர்களைவிட நோட்டைக் கேட்கிறவர்கள்தான் அதிகம்.

அந்த நோட்டின் அருமை பெண்பிள்ளைகள் விஷயத்தில்தான் எனக்கு முழுதாகத் தெரிந்தது. ஆறாம், ஏழாம் வகுப்பில் பெண்பிள்ளைகள் பையன்களுக்குச் சமமாக, பல நேரம் அவர்களை முந்தியும் ஓடுவார்கள். பெண்களுக்கு வேகமாக உயரம் கூடும் காலம் பெரும்பாலும் 11, 12 வயதில் வருகிறது, பையன்களுக்கு 13, 14இல். எட்டாம் வகுப்பில் படம் தலைகீழாகும். போன வருடம் தன்னிடம் தோற்றவன் இந்த வருடம் சாதாரணமாகக் கடந்து போகிறான். அந்த நேரத்தில்தான் உடையைப் பற்றிய கூச்சம், மாதவிடாய், யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பு எல்லாம் சேர்ந்து வருகிறது. பிள்ளை ஒன்றும் சொல்லாமல், "வயித்து வலி மிஸ்" என்று ஓரமாக உட்கார ஆரம்பிக்கும். மூன்று மாதம் உட்கார்ந்தால் திரும்பி வராது.

நாங்கள் செய்தது பெரிய காரியம் எதுவும் இல்லை. உடை மாற்றக் கதவும் தாழ்ப்பாளும் உள்ள ஒரு அறை. அங்கே ஒரு டப்பாவில் நாப்கின், யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். அரைக்கால் சட்டையோ முழுக்கால் சட்டையோ, அவரவர் இஷ்டம். மாதவிடாய் நாளில் ஓடலாமா என்று கேட்பவர்களிடம், முடிந்தால் ஓடலாம், முடியாவிட்டால் ஓய்வு எடுக்கலாம், எதற்கும் காரணம் எழுதித் தர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். இதைப் பையன்களும் இருக்கும் வகுப்பிலேயே சாதாரணமாகப் பேசினேன். முதல் தடவை சிரித்தார்கள். இரண்டாம் தடவை யாரும் சிரிக்கவில்லை. எந்நேரமும் சோர்வாக இருக்கும் பெண்பிள்ளைகளைப் பார்த்தால் இரத்தத்தில் இரும்புச்சத்தைச் சோதிக்கும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள். சோம்பேறித்தனம் என்று நான் நினைத்த இரண்டு பேருக்கு இரத்தசோகை இருந்தது.

ஒரு அம்மா என்னிடம் வந்து, "பொம்பளப் பிள்ளைக்கு இவ்ளோ தூரம் ஓட்டம் தேவையா மிஸ்?" என்று கேட்டார். அக்கறையோடுதான் கேட்டார். அவரிடம் 1928ஆம் ஆண்டு கதையைச் சொன்னேன். அந்த வருடம் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பெண்களுக்கு 800 மீட்டர் வைத்தார்கள். ஜெர்மனியின் லினா ராட்கே உலக சாதனையோடு வென்றார். ஓடி முடித்தவர்கள் களைத்துப்போய்த் தரையில் சாய்ந்ததைப் பெரிதாக்கிப் பத்திரிகைகள் எழுதின. பெண்ணுடம்பு இதைத் தாங்காது என்று அந்த ஓட்டத்தையே எடுத்துவிட்டார்கள். மறுபடி ஒலிம்பிக்கில் அது வந்தது 1960இல். நடுவில் 32 வருடம். ஓடி முடித்த ஆண்களும்தானே தரையில் சாய்கிறார்கள்? அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, தண்ணி மட்டும் நிறையக் குடிக்கச் சொல்லுங்க" என்று போனார்.

அந்த நான்காவது லேன் பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் 800 மீட்டருக்குத்தான் வந்தாள். நூறு மீட்டர் வேண்டவே வேண்டாம் என்றாள். 200 மீட்டர் டிராக்கில் 800 என்றால் நான்கு சுற்று. முதல் சுற்றில் யார் பின்னாலும் போகாமல் தன் வேகத்தில் ஓடப் பழக்கினேன். வேறு ஒன்றும் கற்றுத்தரவில்லை. அவள் நோட்டுப் பக்கத்தில் அந்த வருடம் 17 தடவை நேரம் எழுதியிருக்கிறேன், கடைசி நேரம் முதல் நேரத்தைவிட 31 நொடி குறைவு.

சின்னப் பள்ளிக்கு எந்தப் போட்டி ஏற்றது என்று என்னைக் கேட்டால் தயங்காமல் தொடர் ஓட்டம் என்பேன். ஜமைக்கா அணி 2012இல் 4×100 மீட்டரை 36.84 நொடியில் ஓடியது. ஆளுக்குச் சராசரி 9.21 நொடி. உசைன் போல்ட்டின் தனி ஓட்ட உலக சாதனையே 9.58தான். இரண்டாவது ஆளிலிருந்து எல்லாரும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டனை, அதாவது கைமாற்றும் குச்சியை, வாங்குவதால் வரும் லாபம் அது. இந்த லாபம் பிறவித் திறமையால் வருவதில்லை, பழக்கத்தால் வருகிறது. நான்கு சராசரிப் பிள்ளைகள் தினமும் 15 நிமிடம் ஒதுக்கினால், தனித்தனியாக அவர்களைவிட வேகமான நான்கு பேரைத் தோற்கடிக்க முடியும். கண்ணால் பார்த்துவிட்டேன்.

பேட்டனுக்குப் பிளாஸ்டிக் குழாயை 30 சென்டிமீட்டராக அறுத்து, முனைகளை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டோம். முதல் ஆள் வலது கையில் பிடிப்பார், இரண்டாவது ஆள் இடது கையில் வாங்குவார், அடுத்தவர் வலது, கடைசி ஆள் இடது. வாங்கிய பிறகு கை மாற்றக் கூடாது. பேட்டன் விழுவது பெரும்பாலும் அப்படி மாற்றும்போதுதான். வாங்குகிறவர் தனக்குப் பின்னால் தன் காலடியால் 18 அடி அளந்து ஒரு அடையாளம் வைக்க வேண்டும். வருகிறவர் அந்த அடையாளத்தைத் தொட்டதும் முழு வேகத்தில் கிளம்ப வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. வருகிறவரால் எட்டிப் பிடிக்க முடியவில்லை என்றால் 18ஐ 16 ஆக்குங்கள். மேலே மோதுகிற மாதிரி வந்துவிட்டால் 20 ஆக்குங்கள்.

சொல்வது எளிது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் போகவே இல்லை. "வரலன்னா என்ன மிஸ் பண்றது?" என்பான். அவனுக்குக் கொடுக்க வேண்டியவள் ஒன்பதாம் வகுப்புப் பெண். ஒருநாள் அவளே, "நான் 'கை'ன்னு கத்துவேன். கத்தலன்னா நான் வரலன்னு அர்த்தம். கத்தினா வந்துட்டேன்" என்றாள். அன்றைக்கு முதல் தடவையாக அவன் முன்னால் பார்த்துக்கொண்டே கையைப் பின்னால் நீட்டினான். உள்ளங்கை மேலே, கட்டை விரல் அகன்று. குழாய் உள்ளங்கையில் 'டப்' என்று பட்ட சத்தம் எனக்குக் கிரவுண்டின் ஓரம் வரை கேட்டது.

ஆணும் பெண்ணும் கலந்த தொடர் ஓட்டம்தான் இப்போது எங்கள் விழாவின் கடைசிப் போட்டி. உலகத் தடகளச் சாம்பியன்ஷிப்பில் கலப்பு 4×400 முதலில் வந்தது 2019இல், தோஹாவில். அப்போது யார் எந்த வரிசையில் ஓடுவது என்பது அணிகளின் விருப்பம். போலந்து இரண்டு ஆண்களை முதலில் ஓடவிட்டுப் பெரிய முன்னிலை பெற்றது. பின்னால் வந்த ஆண்கள் அதன் பெண்களைப் பிடித்துவிட, ஐந்தாவதாகத்தான் முடித்தது. அடுத்து 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வரிசையை மாற்றி, ஆணை முதலிலும் கடைசியிலும் வைத்துத் தங்கம் வென்றது. 2022இலிருந்து ஆண், பெண், ஆண், பெண் என்று விதியே வந்துவிட்டது. எங்கள் பள்ளியில் வரிசையைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டோம். அதற்காக ஒரு வாரம் அவர்கள் நோட்டைப் புரட்டிக் கணக்குப் போடுவார்கள். அந்த ஒரு வாரத்தில் பின்னங்களைக் கூட்டக் கற்றுக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் குறைவாக இருக்கும் பள்ளியில், நன்றாக ஓடும் ஒருவனை எல்லாவற்றிலும் இறக்கிவிடத் தோன்றும். நானும் செய்தேன். 13 வயதுப் பையன், இரண்டு நாளில் நூறு, இருநூறு, நீளம் தாண்டுதல், தொடர் ஓட்டம். முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கிறது என்றான். வளரும் வயதில் வருவதுதான், ஓடினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். வளரும் வயதில் வருவது என்பது சரி, ஓடினால் சரியாகும் என்பது தவறு. தொடைத் தசையின் நாண் எலும்பில் சேரும் இடம் இழுபட்டு வரும் வலி அது, சுமையைக் குறைத்தால்தான் அடங்கும். மூன்று மாதம் அவன் ஓடவில்லை. அதன் பிறகு ஆளுக்கு இரண்டு தனிப் போட்டி, ஒரு தொடர் ஓட்டம், அவ்வளவுதான் என்று சட்டமாக்கினோம். மற்ற பள்ளிகளோடு போட்டிக்குப் போகும்போதும் இதே சட்டம்தான். இதனால் சில கோப்பைகள் போயின, நான் வருத்தப்படவில்லை.

உயரம் தாண்டுதலை நாங்கள் விட்டுவிட்டோம். முதுகுப்புறமாகத் தாண்டும் முறைக்குத் தடிமனான மெத்தை கட்டாயம், எங்களிடம் அது இல்லை. நீளம் தாண்டும் குழியை மட்டும் நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம். ஒவ்வொரு முறையும் தாண்டுவதற்கு முன்னால் மண்வெட்டியால் மணலைக் கிளறி, தண்ணீர் தெளித்து, கண்ணாடித் துண்டு ஏதும் கிடக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்போம். அது பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் வேலை.

டிராக் போடுவதும் இப்போது பிள்ளைகள் வேலைதான். பத்தாம் வகுப்பு ஏழாம் வகுப்புக்குச் சொல்லித்தரும். 18.90 மீட்டரில் முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று இருக்கிறது, நான்கு வருடமாக அதே கயிறு. இந்த வருட விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு வளைவு முழுக்கப் போட்டு முடித்துவிட்டார்கள். நான் நிழலில் உட்கார்ந்து பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி டேப்பை எடுத்துக்கொண்டு முளைக்கும் கோட்டுக்கும் மூன்று தடவை நடந்தாள். அப்புறம் என்னிடம் வந்தாள்.

"மிஸ், கயிறு நீண்டுபோச்சு. 18.96 இருக்கு."

"எத்தனை தடவை அளந்தே?"

"மூணு தடவை மிஸ். ஆறு சென்டிமீட்டர்தான். ஆனா முழுச் சுற்றுக்கு 38 சென்டிமீட்டர் கூடும்."

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பையன்கள் சிலர் "பரவாயில்ல விடு" என்றார்கள். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் எழுந்து துடைப்பத்தை எடுத்தேன். எல்லாரும் சேர்ந்து அந்த வளைவை அழித்துவிட்டு, கயிற்றில் புது முடிச்சுப் போட்டு, முளையிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம்.